சீவலக்கா நிறுத்திய மாத்திரை

எங்கள் ஆய்வகத்தில் அவளுக்குச் சீவலக்கா என்றுதான் பெயர். மெழுகுக் கட்டிக்குள் பதித்த உறுப்பை, ஊதினால் பறக்கும் மெல்லிய சீவல்களாக வெட்டி ஸ்லைடில் ஒட்டுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருட வேலை. மருத்துவ மாணவர்கள் பார்க்கிற அட்ரினல் ஸ்லைடு ஒவ்வொன்றும் அவள் கைப்பட்டது.

சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பிதான் அட்ரினல். அதன் வெளிப்பகுதியான புறணியில் மூன்று அடுக்கு. வெளி அடுக்கு உடம்பின் உப்பைக் காக்கும். காய்ச்சல், காயம், பயம் எது வந்தாலும் நடு அடுக்குதான் உடம்பைத் தாங்கிப் பிடிக்கும். உள் அடுக்கு பாலியல் ஹார்மோன்களுக்கு மூலப்பொருள் தரும். பேராசிரியரை விட்டுவிட்டு மாணவர்கள் இவளிடம்தான் சந்தேகம் கேட்பார்கள்.

“புது செல்லு வெளிப்பக்கம்தான் பொறக்கும். அப்புறம் மெல்ல மெல்ல உள்ள நகரும்” என்பாள் பெருமையாக.

இவ்வளவு தெரிந்தவள்தான் மூச்சிரைப்புக்காகப் பதினோரு வருடம் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கினாள். டாக்டர் எழுதியது ஐந்து நாளுக்கு. பழைய சீட்டையே மருந்துக் கடையில் நீட்டி நீட்டி வாங்கிக்கொண்டாள். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்! முகம் உப்பி வட்டமானது. போன வருடம் முதுகெலும்பு ஒன்று நொறுங்கியது. கத்தி முன்னால் ஒரு மணி நேரம் குனிந்து உட்கார முடியவில்லை.

“கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். ஒரு வருஷம்கூட ஆகலாம்” என்றார் டாக்டர். அவளுக்குப் பொறுமை இல்லை.

“மாத்திரை தின்னா உள் ரெண்டு அடுக்குதான்டி சுருங்கும். வெளி அடுக்கு நல்லாத்தானே இருக்கும்? அங்கேருந்து பத்து நாள்ல உள்ள ரொம்பிடும்” என்று என்னிடம் கணக்குச் சொல்லிவிட்டு ஒரேயடியாக நிறுத்தினாள்.

ஒன்பதாம் நாள் காய்ச்சலோடு வந்தவள் மெழுகு அடுப்பின் பக்கத்தில் சுருண்டு விழுந்தாள். ஸ்டீராய்டு ஊசியும் சலைனும் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். பஸ் கண்டக்டரான அவள் புருஷன் வார்டு வாசலில் குலுங்கி அழுதார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை நாலு அறை அறைந்திருப்பேன்.

மறுபடி தினமும் மாத்திரை என்று எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தாள். அப்போதும் திருந்தவில்லை.

“அன்னிக்குக் காய்ச்சல்தான்டி கவுத்துடுச்சு. இல்லாட்டித் தாங்கியிருப்பேன். தின்னா எலும்பு நொறுங்குது, விட்டா விழறேன். முன்னே போனா கடிக்குது, பின்னே போனா உதைக்குது. இது ஒரு பொழப்பா?”

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அந்த வாரம் பிரேதப் பரிசோதனையிலிருந்து ஒரு அட்ரினல் வந்தது. அவளே சீவினாள், சாயமேற்றினாள், மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

“வெளி அடுக்கு அப்படியே இருக்கு. உள்ள ரெண்டும் காகிதம் மாதிரி கிடக்கு. யாருடி இது?”

நான் படிவத்தை வாசித்தேன். “நாலு வருஷம் ஸ்டீராய்டு சாப்பிட்டவராம். தானா நிறுத்தியிருக்கார். ஆறாம் நாள் போயிட்டாராம்.”

“காய்ச்சல் இருந்துச்சான்னு பாரு.”

இரண்டு தடவை தேடினேன். “இல்லக்கா. காய்ச்சல், சளி எதுவும் இல்ல.”

அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“தண்ணி கொண்டு வாடி. முந்தாநாள்லேருந்து நான் மாத்திரை போடல.”