அன்று நாங்கள் தண்ணீர் கொடுக்கவில்லை

வீட்டுக்கு வருபவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும். என்ன ஏது என்று கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். கொங்கு நாட்டில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூரியர் கொண்டுவருபவருக்கும் கொடுப்போம், கல்யாணப் பத்திரிகை வைக்க வருபவருக்கும் கொடுப்போம். கொடுத்த தண்ணீரைத் தொடாமல் ஒருவர் எழுந்து போனால் மனத்தாங்கல் என்று பொருள். பேச்சு நின்றுபோன இரண்டு வீட்டார் மறுபடி சேர்ந்தார்களா என்று தெரிந்துகொள்ள ஊர் கேட்கும் முதல் கேள்வி, அவர்கள் வீட்டில் இவர்கள் தண்ணீர் குடித்தார்களா என்பதுதான். குடித்துவிட்டால் சங்கதி முடிந்தது.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வடவள்ளியில் உள்ள எங்கள் வீட்டுக்கு மூன்று பேர் தட்டு நிறையப் பழத்தோடு வந்தார்கள். என் மகனின் வாயை மூட வந்தார்கள். நாங்கள் தண்ணீர் கொடுக்கவில்லை.

வந்தவர்களில் ஒருவர் சங்கத்தின் தலைவர். இன்னொருவர் சங்கத்தின் வக்கீல். மூன்றாவது ஆள் என் கணவரின் அண்ணன். அவர்தான் மற்ற இருவரையும் கூட்டிவந்தவர்.

சங்கம் என்று நான் சொல்வது, பள்ளிப் பையன்களுக்கு உடற்பயிற்சி, மலையேற்றம், முதலுதவி எல்லாம் சொல்லித்தரும் அமைப்பு. மில் வைத்திருப்பவர்கள், டாக்டர்கள், தோட்டம் உள்ளவர்கள் என்று நான்கு பெரிய மனிதர்கள் சேர்ந்து நடத்துவது. மே மாதம் காரமடைக்கு அப்பால் ஒரு தென்னந்தோப்பில் முகாம் நடக்கும். முகாமுக்குப் போய்வந்த பையன் தன் தட்டைத் தானே கழுவுவான், பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பான் என்று பெற்றோர்கள் பெருமை பேசிக்கொள்வோம். இடம் கிடைக்கச் சிபாரிசு வேண்டும். எங்களுக்குச் சிபாரிசு செய்தவர் கணவரின் அண்ணன்தான். அவர் அப்போதே கமிட்டியில் இருந்தார்.

அங்கே பயிற்சி கொடுத்தவனை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். இத்தனை வருடம் அவர், இவர் என்றே சொல்லிவந்தேன். இப்போது அவன் என்றே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அவன் சாப்பிட்டிருக்கிறான். கறிவேப்பிலையைக்கூட ஒதுக்கமாட்டான், பாருங்கள் என்ன ஒழுக்கம் என்று நான் அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறேன்.

என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கும்போது சங்கத்தில் சேர்ந்தான். எட்டாம் வகுப்பு முடிந்து முகாமுக்குப் போய்விட்டு வந்தவன், இனிப் போகமாட்டேன் என்றான். முழங்கால் வலி என்றான். எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, வளருகிற வயது, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். அதே நாட்களில் அவன் இன்னொன்றும் சொன்னான். இனிமேல் அவனைக் கண்ணு என்று கூப்பிடக் கூடாதாம். எங்கள் பக்கத்தில் பிள்ளையைக் கண்ணு என்று கூப்பிடாத தாய் கிடையாது. மீசை முளைக்கப்போகிறது, கூச்சப்படுகிறான் என்று நானும் கணவரும் சிரித்தோம். அன்றிலிருந்து பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.

இப்போது என் மகன் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறான். போன வருடம் முகாமுக்குப் போன ஒரு சின்னப் பையன் தன் வீட்டில் அழுதுகொண்டே, மாஸ்டர் தனக்குச் செய்ததை எல்லாம் சொல்லியிருக்கிறான். அவனுடைய அம்மா யாரிடமும் யோசனை கேட்கவில்லை. நேராக மகளிர் காவல் நிலையத்துக்குப் போனார். மாஸ்டரைக் கைது செய்தார்கள். அந்தப் பையனை முகாமில் சேர்க்கச் சிபாரிசு செய்தது யார் என்றுதான் கமிட்டி முதலில் விசாரித்ததாம்.

இரண்டொரு நாளில் சங்கம் பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் ஓர் அறிக்கை போட்டது. பையன்கள் வளர்ந்து வேலைக்குப் போனபிறகும் அந்தக் குழுவிலிருந்து யாரும் விலகுவதில்லை. அதனால் எனக்கும் வந்தது. நடந்தது வருந்தத்தக்கது, இது ஒரு தனிநபரின் செயல், அவர் சங்கத்தின் ஊழியர் அல்ல, கௌரவப் பயிற்சியாளர் மட்டுமே, இதற்கு முன் சங்கத்துக்கு எந்தப் புகாரும் வந்ததில்லை. இவ்வளவுதான் அறிக்கை. நான் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்ல எத்தனை விதமான வாக்கியங்கள் உண்டோ அத்தனையும் எழுதிப் பழகியவள். இது கைதேர்ந்த ஆள் எழுதியது என்று பார்த்ததும் தெரிந்தது. அந்தச் சின்னப் பையனைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

காலை நேரம். மகனுக்கு அரிசிம்பருப்பு சாதம் டப்பாவில் போட்டுக்கொண்டே அதை வாய்விட்டு வாசித்தேன். அவன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான்.

"கடைசி வரி பொய்ங்கம்மா" என்றான்.

"எது?"

"புகாரே வந்ததில்லைங்கறது. நான் சொன்னேன்."

"யாருகிட்ட?"

"செயலாளர்கிட்ட."

அன்று செயலாளராக இருந்தவர்தான் இன்று தலைவர். டப்பாவை மூடாமல் அப்படியே நின்றேன். அவன் அன்று வேலைக்குப் போகவில்லை. நானும் போகவில்லை. அவன் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. அது அவனுடையது. எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே சொல்லிவிட்டான்.

மறுநாள் அவனும் நானும் காவல் நிலையத்துக்குப் போனோம். சின்ன வயதில் நடந்ததை வளர்ந்தபிறகு சொல்லவும் சட்டத்தில் இடமிருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் அம்மா சொன்னார். குழந்தைக்கு இப்படி நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் விட்டவரும் குற்றவாளிதான் என்றும் சொன்னார். சீக்கிரம் நீதிபதி முன்னால் வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அனுப்பிவைத்தார். அதாவது, செயலாளரிடம் சொன்னேன் என்று என் மகன் நீதிபதியிடம் சொன்னால் கதை மாஸ்டரோடு முடியாது. தலைவரும் மாட்டுவார். எங்களுக்குத் தெரியாது என்று சங்கம் கைகழுவ முடியாது.

நாங்கள் போய்வந்தது அந்த வாரமே கணவரின் அண்ணன் காதுக்கு எட்டிவிட்டது. எப்படி என்று நான் கேட்கவில்லை. இந்த ஊரில் அதெல்லாம் ஒரு கேள்வியா?

"ஏனுங்க, ஊட்ல இருக்கீங்களா?" என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டைத் திறந்துகொண்டு வந்தார் தலைவர். வெள்ளைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. பழத்தட்டைத் தானே டீப்பாயின் மேல் வைத்தார். "நம்ம தோட்டத்துப் பழமுங்க அம்மணி. மருந்தே அடிக்கறதில்ல. பசங்க தின்னா ஒண்ணும் பண்ணாது."

என் கணவர் எழுந்து நின்று கும்பிட்டார். அவர் அப்படிப்பட்ட ஆள். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். மகன் அறைக்குள் இருந்தான். கதவு சாத்தியிருந்தது.

வக்கீல்தான் ஆரம்பித்தார். "நாங்க தம்பியத் தடுக்க வரலீங்க. மாஸ்டரப் பத்தி என்ன சொல்லோணுமோ தாராளமாச் சொல்லட்டும். அந்த ஆளு உள்ள போகோணும்ங்கறதுதான் சங்கத்தோட எண்ணமும்."

"அப்பறம் எதுக்குங்க வந்தீங்க?" என்றேன்.

"அம்மணி, அவரப் பேச உடு" என்றார் கணவரின் அண்ணன்.

"சம்பந்தமில்லாதவங்க பேரு அதுல வர வேண்டாம்னுதானுங்க" என்றார் வக்கீல். "சின்ன வயசு ஞாபகம். யாருகிட்ட என்ன சொன்னோம்கறது கரெக்டா இருக்காது. கோர்ட்ல குறுக்குக் கேள்வி கேக்கறப்ப தம்பிதான் சங்கடப்படும்."

"அந்தக் கேள்வியக் கேக்கப்போறதே நீங்கதானுங்களே?"

"அது தொழிலுங்க" என்றார். கொஞ்சமும் கூச்சமில்லை.

தலைவர் கையமர்த்தினார். "நடந்தது நடந்துபோச்சுங்க. இனிமே நடக்காமப் பாக்கோணும், அதான முக்கியம்? முகாம் முழுக்கக் கேமரா வெக்கறோம். பசங்க தங்கற எடத்துக்கு எந்த மாஸ்டரும் தனியாப் போகக் கூடாதுன்னு தீர்மானம் போட்டாச்சு. பாதுகாப்புக் கமிட்டின்னு ஒண்ணு ஆரம்பிக்கறோம். அதுல ஒரு தாய்மார் இருக்கோணும்னு நாந்தான் சொன்னேன். நீங்க வரோணும் அம்மணி. படிச்சவங்க, நாலும் தெரிஞ்சவங்க."

"கமிட்டிக்குத் தலைவர் யாருங்க?"

"இப்போதைக்கு நாந்தானுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் செய்தேன். கணவரின் அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை.

"என்ன சிரிப்பு? நாளைக்கு இவனுக்குப் பொண்ணு பாக்க வேண்டாமா? பேப்பர்ல வந்தா எவன் குடுப்பான்?"

"பேரு போடக் கூடாதுங்க மாமா. சட்டம் இருக்குது."

"பேப்பர்ல பேரு வராது. ஊருக்குத் தெரியாதா?"

இதே மனிதர்தான் என் மகனைத் தோளில் உட்காரவைத்துத் தேரோட்டம் காட்டியவர். ஊருக்குத் தெரிய வேண்டியது எது என்று இவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. செய்தவன் யார் என்பது தெரிய வேண்டாம். மறைத்தவர் யார் என்பதும் தெரிய வேண்டாம். எந்த வீட்டுப் பையன் என்பது மட்டும் தெரிந்துவிடும். அதையும் உட்கார்ந்து, மெதுவான குரலில், வாங்க போங்க என்று மரியாதையாகச் சொல்வார்கள். கத்திப் பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நானும் கத்தியிருப்பேன்.

அப்போது என் கணவர் எழுந்து சமையலறைக்குப் போனார். சொம்பில் தண்ணீர் மொண்டு, டம்ளர்களைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு வந்தார். அவர் எதையும் யோசித்துச் செய்யவில்லை. ஆட்கள் வந்து உட்கார்ந்து இவ்வளவு நேரமாகியும் தண்ணீர் தரவில்லையே என்று கை தானாகப் போயிருக்கிறது. இவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டால் போதும். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள்: அவங்க ஊட்டுக்குப் போனோம், தண்ணி குடிச்சோம், பேசி முடிச்சாச்சு. பிறகு என் மகன் எந்தக் கோர்ட்டில் போய் எதைச் சொன்னாலும், பேசி முடித்தபிறகு மாற்றிப் பேசுகிறவன் ஆகிவிடுவான்.

அந்த நேரம் மகன் கதவைத் திறந்து வெளியே வந்தான்.

"வா கண்ணு, இப்படி வந்து உக்காரு" என்றார் தலைவர்.

"என்னைய அப்படிக் கூப்பிடாதீங்க."

"ஏன் கண்ணு, நான் பாத்து வளந்தவன்தான நீ?"

"அன்னைக்கும் அப்படித்தான் கூப்பிட்டீங்க." அவன் உட்காரவில்லை. "முகாம்ல இருந்து உங்க கார்ல பேக்கரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க. தேங்காய் பன் வாங்கிக் குடுத்தீங்க. நான் பாத்துக்கறேன் கண்ணு, ஊட்ல சொல்லாத கண்ணு, அம்மா பயந்துக்குவாங்க கண்ணுன்னீங்க. பன்ன முழுசாத் தின்னு முடிக்கற வரைக்கும் உக்காந்திருந்தீங்க. அப்பறம் திரும்ப முகாம்லயே கொண்டுபோயி எறக்கி உட்டீங்க."

தலைவர் சிரிப்பை விடவில்லை. "எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லியே" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, என் கணவர் பக்கம் கையை நீட்டினார். "தண்ணியக் குடுங்க தம்பி. தொண்ட காயுது."

என் கணவர் அந்த நீட்டிய கையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு தட்டோடு திரும்பிச் சமையலறைக்குள் போனார். சொம்புத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டும் சத்தம் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

"டேய்" என்றார் அண்ணன், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்காம அனுப்பறயா? ஊரு என்ன பேசும்?"

கணவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பேசட்டுங்கண்ணா. இங்க தண்ணி குடிச்சுப்போட்டாங்கன்னு பேசறதுக்கு இது தேவலைங்க." அப்போதும் குரல் உயரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அண்ணனை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

அவர்கள் எழுந்து போனார்கள். பழத்தட்டை எடுத்துக்கொண்டு நான் கார் வரைக்கும் போய், ஜன்னல் வழியாக வக்கீலின் மடியில் வைத்தேன். ஒரு கொய்யா உருண்டு அவர் காலடியில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, "பரவால்லீங்க" என்றார்.

கொஞ்ச நாளில் நீதிபதி முன் வாக்குமூலம் கொடுக்க அழைத்தார்கள். எங்களை உள்ளே விடவில்லை. நானும் கணவரும் கோர்ட் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவன் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. வந்ததும் பைக் சாவியை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

"செயலாளர்கிட்டச் சொன்னேங்கறத மறுபடியும் கேட்டாங்கம்மா" என்றான். "ரெண்டு தடவையும் ஒரே மாதிரிதான் சொன்னேன்."

தலைவர் இப்போது முன்ஜாமீனில் இருக்கிறார். உடல்நலம் காரணமாகப் பொறுப்பிலிருந்து ஓய்வு என்று குழுவில் போட்டார்கள். கீழே நூறு பேர் கும்பிடுகிற கையைப் போட்டு, சீக்கிரம் குணமாகி வாங்க ஐயா என்றார்கள். எல்லோரும் பிள்ளை பெற்றவர்கள்தான். என் கணவரின் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அவர் பேத்தி காதுகுத்துக்கும் எங்களை அழைக்கவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கு முன்னாலும் மகனுக்கு முழங்கால் வலி வருகிறது. இப்போது நான் டாக்டரிடம் கூட்டிப்போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தைலம் தேய்த்துவிடுகிறேன். அவனாகப் பேசினால் கேட்கிறேன்.

இந்த மே மாதமும் முகாம் உண்டு. அறிவிப்பு வந்தது. கேமரா உண்டு, பாதுகாப்புக் கமிட்டி உண்டு, எது நடந்தாலும் சங்கம் பொறுப்பல்ல என்று பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும் என்பதும் உண்டு. அதோடு அந்தப் பழைய அறிக்கையையும் திருத்தி மறுபடி போட்டிருந்தார்கள். வருத்தம் இருந்தது, தனிநபர் இருந்தார், கௌரவப் பயிற்சியாளர் இருந்தார். இதற்கு முன் எந்தப் புகாரும் வந்ததில்லை என்ற வரி மட்டும் இல்லை. ஏன் எடுத்தோம் என்று ஒரு சொல் இல்லை. மன்னிப்பு இல்லை.

மகனிடம் காட்டினேன். போனை வாங்கி மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தான். மறுபடி மேலே போய்ப் பார்த்தான்.

"எடுத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான்.