கார் சோப்பு என்று சொன்ன வாளி

நாற்பத்தெட்டு வயது. டெக்சஸ் மாநிலத்துப் பிளானோவில் சொந்த வீடு. ஆபீஸில் இவர் ஒரு வார்த்தை சொன்னால் நாலு பேர் எழுந்து ஓடுவார்கள். அப்படிப்பட்ட மனிதர், ஈரோட்டிலிருந்து அம்மா வந்து இறங்கியதும் பீர் காய்ச்சுகிற பாத்திரங்களைக் கராஜுக்குள் ஒளித்துவைத்தார். என் கணவரைத்தான் சொல்கிறேன்.

காய்ச்சுவதில் அவருக்கு இருக்கிற ஒழுங்கை நினைத்தால் இன்னும் எரிகிறது. ப்ளீச் வேண்டாம், எத்தனை முறை அலசினாலும் வாடை தங்கிவிடும் என்பார். அயோடின் வேண்டாம், குழாயெல்லாம் மஞ்சள் பூத்துவிடும். தேடித்தேடி வாங்கியது ஓர் அமிலக் கிருமிநாசினி. தண்ணீரில் அளந்து ஊற்றினால் நுரை பொங்கும், அலசவே தேவையில்லை. முதலில் தேய்த்துக் கழுவணும், அழுக்கு மேலயே மருந்தை ஊத்தினா கிருமி சிரிக்கும் என்று எனக்கே பாடம் எடுத்திருக்கிறார். கையில் உறை, கண்ணில் கண்ணாடி. பீரைப் புளிக்கவைக்கிற ஈஸ்ட்டுக்கு ஒரு குறையும் வந்துவிடக்கூடாது. ஈஸ்ட்டுக்கு!

"இதென்ன கண்ணு, வாளி நெறைய நுரை?" என்று அத்தை கேட்டார்.

"கார் கழுவுற சோப்பும்மா."

உண்மையைச் சொல்லித் தொலையுங்கள் என்றேன் அன்றைக்கே. "அம்மா இருக்கப்போறது ஆறு மாசம்தானே. அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார்.

அத்தைக்குச் சோப்புத் தண்ணீரைக் கீழே கொட்டுவது ஆகாது. துணி அலசிய நீரில் தரை துடைப்பார், தரை துடைத்த நீரில் வாசலைக் கழுவுவார். அந்தச் சனிக்கிழமை இவர் மளிகைக்குப் போயிருந்தார். கராஜில், வாளியில் மீந்திருந்த நுரையில் அத்தை கரித்துணிகளை முக்கினார். மஞ்சள் கறை போகவில்லை. வாஷிங் மெஷின் பக்கத்திலிருந்த ப்ளீச்சை எடுத்துக் கவிழ்த்தார். டெக்சஸ் வெயிலுக்காக, அதைவிட பீருக்கு ஊறுகிற மால்ட் தானியத்தின் வாசனை வெளியே போகாதிருக்க, கராஜ் கதவு எப்போதும் மூடியே கிடக்கும். அமிலமும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரின். மூடிய அறையில் அது போக வேறு இடமில்லை, ஒரு கிழவியின் நெஞ்சைத் தவிர.

இருமல் கேட்டது. இருமல் இல்லை அது, துணி கிழிகிற சத்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினேன், கராஜ் கதவுப் பொத்தானை அடித்தேன், அத்தையை இழுத்துக்கொண்டு புல்தரையில் வந்து விழுந்தேன். வாளியை யாரும் தொடவில்லை. விஷ உதவி எண்ணுக்கு போன் பண்ணினேன்.

இவர் கார் வந்து நின்றது. போனில் அந்த முனையிலிருந்த பெண், வாளியில் என்ன இருந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கார் சோப்புன்னு சொல்லு," இவர் என் காதுக்குள் கிசுகிசுத்தார். "அம்மா கேட்டுட்டிருக்காங்க."

அவர் அம்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவர் அம்மா மூச்சைத் தேடிக்கொண்டிருந்தார்.

தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். பீர் என்றேன், அமிலம் என்றேன், மருந்தின் பெயரைச் சொன்னேன். நெஞ்சு இறுக்கம் இருந்தால் உடனே எமர்ஜென்சி என்றாள் அவள். இறுக்கம் இருந்தது.

அத்தை முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மகன் கதவைப் பிடித்துக்கொண்டு "ஸாரிம்மா, ஸாரிம்மா" என்றார்.

"குடிச்சாக் குடிச்சுத் தொலை," இருமலுக்கு நடுவே அத்தை சொன்னார். "உங்கொப்பனும் குடிச்சவருதான். நீ சோப்புன்னு சொன்னே. நம்பித்தானடா கைய உட்டேன்." என் பக்கம் திரும்பினார். "நீ ஓட்டு அம்மிணி."

ஜன்னல்களைத் திறந்துவிட்டு டோல்வே நெடுஞ்சாலையில் பறந்தேன். காற்றின் இரைச்சலுக்குள்ளே அத்தையின் மூச்சை மட்டும் காது துழாவிக்கொண்டிருந்தது.

என்ன முகர்ந்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது நான் வாய் திறக்குமுன் அத்தை ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டார். "மை சன் பீர். ஐ புட் ப்ளீச்."

மாலையில், பயமில்லை, மூச்சு இரைத்தால் திரும்பி வாருங்கள் என்று அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இவர் பிளாஸ்க்கோடு நின்றிருந்தார். மூடியில் ஊற்றி நீட்டினார். அத்தை வாங்கினார், குடிக்கவில்லை.

"இதென்ன?"

"வெந்நிம்மா. வெறும் வெந்நி."

அத்தை மூடியை என் பக்கம் நீட்டினார்.

"நீ மோந்து பாத்துச் சொல்லு அம்மிணி."