பேரனிடம் என் பங்கு எங்கே?

சென்ற மாதம் ஐந்தருவியில் எண்ணெய் தேய்க்கும் ஆள் ஒருவர் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டார்.

நல்ல சாரல். நான், என் பேரன் இசக்கி, சம்பந்தி சுடலைமுத்து... மூன்று பேரும் துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். இசக்கியின் முதுகில் எண்ணெயை வழித்த அந்த ஆள், பக்கத்தில் இருந்த சுடலைமுத்துவைப் பார்த்தார்.

“பேரப்பிள்ளையா அய்யா? முதுகப் பாத்தாலே தெரியுதே. அச்சுல வாத்த மாதிரில்லா இருக்கு!”

சுடலைமுத்து மீசையை நீவிக்கொண்டார். அத்தோடு விட்டிருக்கலாம். அந்த ஆள் என் பக்கம் திரும்பி, “நீங்க இவுகளுக்கு டிரைவரா?” என்றார்.

டிரைவர்! நாங்கள் வந்த காரே என்னுடையது!

இந்தப் பத்திரிகையில் என் பத்தியை வாரா வாரம் படிக்கிற உங்களுக்கு என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவன். புளியங்குடியில் எலுமிச்சை மூட்டை தூக்க ஆரம்பித்து, இன்று சொந்தக் கமிஷன் கடையிலிருந்து வெளிமாநிலத்துக்கு லாரி அனுப்புகிறவன். யார் தயவும் இல்லாமல் எல்லாவற்றையும் சம்பாதித்தேன். ஒன்றைத் தவிர. பேரனின் முகத்தில் எனக்கென்று ஓர் இடம்!

எனக்கு ஒரே மகள் — செல்வி. தென்காசியில் கட்டிக்கொடுத்தேன். அவள் மாமனார்தான் இந்தச் சுடலைமுத்து. போலீசில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறடி. நான் ஐந்தடி நான்கு அங்குலம், அதுவும் செருப்போடு. அவருக்குச் சுருட்டை முடி. எனக்கு முடியே இல்லை. இசக்கி பிறந்த அன்றே தொட்டிலைச் சுற்றி நின்று பாகம் பிரித்தார்கள். மூக்கு அந்தத் தாத்தா. நெற்றி அந்தத் தாத்தா. காது மடல் அந்தத் தாத்தா. கால் விரல் நகத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. பெயராவது மிஞ்சியதா? அதுவும் சுடலைமுத்துவின் அப்பா பெயர்.

இருபத்திரண்டு வருடமாக நானும் அந்தப் பையனை உற்று உற்றுப் பார்க்கிறேன். என்னைப்போல் மூன்று தும்மல் போடுகிறானா? இரண்டோடு நிறுத்திவிடுகிறான்!

மாங்கொட்டையைப் புதைத்தால் என்ன பழம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எலுமிச்சை அப்படி இல்லை. எங்கள் பக்கத்து விதையைப் போட்டால், பெரும்பாலும் தாய்மரத்துக் காய்தான் காய்க்கும். மனிதனும் எலுமிச்சை மாதிரிதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். செல்வி என் மகள். அவள் பெற்றவனிடம் என் பங்கு எங்கேதான் போயிற்று?

கிடைத்தது. போன வாரம்.

இசக்கி போலீஸ் வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தான். எழுத்துத் தேர்வு பாஸ். ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாம் பாஸ். பாக்கி மெடிக்கல் மட்டும்தான். காக்கிச் சட்டைக்கு அளவு கொடுக்காத குறை. “எதுக்கும் முன்னாடியே கண்ண ஒரு தடவ காட்டிருவோம்” என்றார் சுடலைமுத்து. தென்காசியில் ஒரு கண் டாக்டரம்மாவிடம் போனார்கள். நானும் போனேன். கூப்பிடாமலே!

டாக்டரம்மா ஒரு புத்தகத்தை விரித்தார். பக்கம் முழுக்கப் பொட்டுப் பொட்டாக வண்ணப் புள்ளிகள்.

“என்ன நம்பர் தெரியுது தம்பி?”

“இருபத்தொண்ணு.”

சுடலைமுத்து சிரித்தார். “ஏலே, வெளையாடாத. எழுபத்தி நாலுன்னு கொட்ட எழுத்துல இருக்கு.”

இசக்கி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். “இருபத்தொண்ணுதான் தாத்தா தெரியுது.”

அடுத்த பக்கத்தில் அவனுக்கு எண்ணே தெரியவில்லை. டாக்டரம்மா புத்தகத்தை மூடினார். சிவப்பு, பச்சை, அதை ஒட்டிய நிறங்களை அவனால் சரியாகப் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்றார். மெடிக்கலில் தேறுவது கஷ்டம் என்றும் சொன்னார்.

“எங்க வம்சத்துல ஒருத்தனுக்கும் கண்ணுல கோளாறு கெடையாது டாக்டர்” என்று எகிறினார் சுடலைமுத்து. “எந்நேரமும் செல்போன நோண்டுனா இப்படித்தாம்லே ஆவும்!”

இசக்கி தலையைக் குனிந்துகொண்டான். காது மடலைத் திருகிக்கொண்டிருந்தான். சுடலைமுத்து கொடுத்த அதே காது மடல்.

“செல்போனால வர்றதில்ல சார். பிறவியிலேயே இருக்கிறது. அம்மாவோட அப்பாவுக்கு இருக்கா?”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“எனக்கா? கண்ணக் கட்டி விட்டாலும் காயி எது, பழம் எதுன்னு பிரிச்சுப் போடுவேன் டாக்டரம்மா. புளியங்குடியில யாரவேணா கேளுங்க!”

“கண்ணத் திறந்துக்கிட்டுப் பிரிச்சிருக்கீங்களா?”

கேட்டாரே ஒரு கேள்வி!

இந்தப் பத்தியிலேயே எத்தனை முறை பீற்றியிருக்கிறேன்... தொட்டுப் பார்த்தே ரகம் பிரிப்பேன், முகர்ந்தே பறித்த நாளைச் சொல்வேன் என்று. ஏன் தொட ஆரம்பித்தேன் என்று மட்டும் எழுதியதில்லை. மூட்டை தூக்கிய காலத்தில் பச்சைக் காய்ச் சாக்கில் மஞ்சள் பழத்தைப் போட்டு முதலாளியிடம் அறை வாங்கினேன். ஒரு முறை இல்லை, பல முறை. எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. அன்றிலிருந்து விரலை நம்பினேன். இது என் வீட்டுக்காரிக்கே தெரியாது.

டாக்டரம்மா முதல் பக்கத்தை என் பக்கம் திருப்பினார். எனக்குத் தெரிந்ததும் இருபத்தொன்றுதான்! சரியான விடை என்ன என்று சுடலைமுத்து ஏற்கெனவே உளறிவிட்டார். எழுபத்து நான்கு என்று சொன்னால் என் பெருமை பிழைத்துப்போகும். பேரன் மட்டும் செல்போன் நோண்டியவனாக நிற்பான்.

“இருபத்தொண்ணு” என்றேன்.

இசக்கி சட்டென்று நிமிர்ந்தான். உண்மையைச் சொல்லட்டுமா? அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம்!

டாக்டரம்மா விளக்கினார். ‘இந்தக் குறை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருகிறது. பெண்ணுக்கு அது இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். அதனால் செல்விக்குத் தெரியவில்லை. ஆணுக்கு ஒன்றுதான், அம்மா கொடுப்பது. உங்களிடமிருந்து மகளுக்குப் போய், மகளிடமிருந்து இவனுக்கு வந்துவிட்டது.’

“அப்போ உயரம்?” என்றார் சுடலைமுத்து, விடாமல்.

“அது ரெண்டு பக்கமும் சேர்ந்து வர்றது சார். சாப்பாடும் சேரும்.”

“வழுக்கை? எலுமிச்சையில தாய்மரத்துக் காய்தானே டாக்டரம்மா காய்க்கும்!” என்றேன் நான், ஆசையோடு.

“அதுவும் ரெண்டு பக்கமும்தான். மனுஷன் எலுமிச்சை இல்லையே!”

வெளியே வந்ததும் இசக்கி வெடித்தான். “எனக்குக் குடுக்கதுக்கு இதத் தவிர ஒண்ணுமே கெடைக்கலியா தாத்தா ஒங்களுக்கு?”

அவன் சுடலைமுத்துவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதான். அந்தத் தோளும் ஆறடி உயரத்தில் இருந்தது... எனக்கு எட்டாத உயரம்.

ஐந்து நாள் அவன் போன் வரவில்லை. ஆறாம் நாள் துணிக்கடையிலிருந்து வீடியோ கால்.

“தாத்தா, காக்கி இல்லாத வேலைக்குப் படிக்க கோச்சிங் கிளாஸ்ல சேருதேன். சட்ட எடுக்க வந்தேன். இது பச்சையா, காப்பிப்பொடி கலரா?”

“ஏலே, போயும் போயும் என்கிட்டயா கேக்க?”

“வேற யாருகிட்ட கேக்க?”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் என் கடைக்கு வந்த வியாபாரிகள் திரும்பிப் பார்த்தார்கள். போனுக்குள் பக்கத்திலிருந்து சுடலைமுத்துவின் குரல்: “என்னலே சிரிப்பு? பச்சதான், நல்லாத் தெரியுதே!”

ஆறடி உயரம் இருந்து என்ன? டாக்டரம்மாவின் புத்தகத்தில் ஓர் இருபத்தொன்று இருப்பது, பாவம், அவர் கண்ணுக்கு ஆயுசுக்கும் தெரியாது!