கருப்பனார் குடித்த சீமைச் சுருட்டு

மலைமேல் ஆலத்தூர் நாட்டுச் சென்றாயனைப் பற்றிச் சொல்வதென்றால் சுருட்டில் இருந்துதான் தொடங்க வேண்டும். மனுசன் மிளகுக்கொடி ஏற்றுவான், சாமை விதைப்பான், மூட்டை தூக்கிக்கொண்டு அடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு இறங்குவான், எல்லாம் சரி. ஆனால் அதெல்லாம் ஒரு சுருட்டுக்கும் அடுத்த சுருட்டுக்கும் நடுவிலே செய்கிற வேலை. துறையூர்ச் சந்தையில் ஒவ்வொரு சுருட்டையும் மூக்கடியில் உருட்டி, "இது ஈரத்திலே கிடந்தது, இது போன வருசத்து இலை" என்று குற்றம் சொல்லி, கடைக்காரனிடம் வசவு வாங்காமல் அவன் திரும்பினதே இல்லை.

அப்பேர்ப்பட்டவன் கையில் சீமைச் சுருட்டு கிடைத்தால் சும்மா இருப்பானா? யுத்தத்துக்கு முன்னாடி, காட்டெருமை சுட வந்த வெள்ளைக்காரத் துரை ஒருத்தர், எருமையைக் கண்டதும் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓட்டமெடுத்துப் பள்ளத்தில் உருண்டு காலை முறித்துக்கொண்டார். அவரை முதுகில் சுமந்து புளியஞ்சோலை வரைக்கும் இறக்கினது சென்றாயன். வலி மறக்க வழியெல்லாம் துரை சுருட்டை இழுத்துக்கொண்டே வந்தார். அந்த வாசனை சென்றாயனைக் கிறுக்காக்கிவிட்டது. கீழே போனதும் துரை காசு நீட்டினார். இவனோ காசைப் பார்க்காமல் அவர் சட்டைப்பையையே பார்த்தான். துரை சிரித்துக்கொண்டே மிச்சமிருந்த மூன்று சுருட்டையும் தகரப் பெட்டியோடு கொடுத்துவிட்டார்.

முதல் சுருட்டைத் தன் சாமைக்காட்டுப் பாறைமேல் உட்கார்ந்து பற்ற வைத்தான். புகையை வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தான். முதலில் மிளகுக் காரம். அப்புறம் அடுப்பிலே சாமை வறுபடுகிற மணம். அதுக்கும் அடியிலே பலாச்சுளை மாதிரி ஒரு தித்திப்பு. "அடேங்கப்பா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். பாதிகூட ஆகவில்லை, கீழே ஊரே கூப்பாடு போட்டது.

"கருப்பனார் வந்துட்டாருடோய்!"

விசயம் என்னவென்றால், மலையிலே எல்லாருக்கும் நாட்டுச் சுருட்டின் நாற்றம் அத்துபடி. இந்த மணத்தை ஒருத்தரும் முகர்ந்ததில்லை. மனுசன் குடிக்கிற சுருட்டு இப்படி மணக்குமா? ஊர்க் காவல்சாமி கருப்பனாருக்குச் சுருட்டென்றால் உயிர். அப்போ இது யார் குடிக்கிறது? சந்தேகத்துக்கே இடமில்லாமல் போயிற்று. சேவலை அடைக்கப் போன கீழ்வீட்டுப் பொன்னம்மாள் அதைக் கையில் பிடித்துக்கொண்டே புகை வந்த திசையைப் பார்த்து விழுந்து கும்பிட்டாள். சென்றாயன் அவசரமாகச் சுருட்டைப் பாறையில் தூள் தூளாகத் தேய்த்து அணைத்தான். அணைக்கும்போது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டாவதையாவது நிம்மதியாகக் குடிக்க வேண்டுமே. யோசித்தான், யோசித்தான், கடைசியில் யாருக்கும் தோன்றாத யோசனை ஒன்று தோன்றியது. கருப்பனார் கோயில் காட்டுக்குள்ளேயே போய்க் குடித்தால்? அங்கே இருந்து புகை வந்தால் யார் தேடி வரப்போகிறார்கள்! சாமி கல்லுக்குப் பின்னால், புதருக்குள் வசதியாகச் சாய்ந்துகொண்டு பற்ற வைத்தான். பாவி மகன் ஒன்றை மறந்துவிட்டான். சாமி வேறெங்கோ வந்தால் கும்பிடு போடுகிற ஊர், கோயிலுக்கே வந்துவிட்டால் குறை சொல்ல ஓடி வராதா?

ஓடி வந்தது. ஊர்க்கவுண்டர், பூசாரி குழந்தைசாமி, பெண்டு பிள்ளைகள் எல்லாரும் கல்லுக்கு முன்னால் கூடிவிட்டார்கள். சாதாரணமாகச் சாமி தலையில் பூ வைத்து, பூ விழுந்தால் சம்மதம் என்பார்கள். பூசாரி இன்றைக்குப் பூவை எடுக்கவே இல்லை.

"சாமியே நேர்ல வந்து சுருட்டு குடிக்குது, பூ எதுக்குங்க? சம்மதம்னா புகை விடட்டும். இல்லைன்னா சும்மா இருக்கட்டும்."

முதல் ஆளாக முன்னால் வந்தது காளியண்ணன். சென்றாயனுக்குப் பங்காளி. ரெண்டு பேர் காட்டுக்கும் நடு வரப்பிலே நிற்கிற பலாமரம் யாருக்கு என்று வருசக்கணக்காக மல்லுக்கு நிற்கிறவன்.

"சாமி, அந்தப் பலா என் பாகந்தானே?"

சென்றாயன் அப்போதுதான் வாய் நிறையப் புகையை இழுத்திருந்தான். அடக்கினான். கண்ணு ரெண்டும் பிதுங்கியது. எழுந்து ஓடலாமென்றால், கோயில் காட்டில் சுருட்டு குடித்தவனை ஊரை விட்டே தள்ளி வைத்துவிடுவார்கள். அடக்கி அடக்கிப் பார்த்தான். கடைசியில் மூக்கு வழியாகப் புஸ்ஸென்று வந்துவிட்டது. ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. காளியண்ணன் அன்றைக்கே மரத்தைச் சுற்றி முள்வேலி போட்டான்.

சென்றாயனுக்குச் சோறு இறங்கவில்லை. மரத்தை மீட்க வேண்டுமென்றால் கருப்பனார் இன்னொரு தரம் வந்தாக வேண்டும். இருப்பதோ ஒரே சுருட்டு. ஊருக்கு முன்னால் நின்று நியாயம் கேட்க வேண்டியவன் அவன், ஆகவே புதருக்குள்ளே வேறொருத்தர் குடிக்க வேண்டும். நம்பி யாரிடம் சொல்வது? பெண்டாட்டி அத்தாயியைத் தவிர நாதியில்லை.

தகரப் பெட்டியை மனசே இல்லாமல் அவளிடம் நீட்டினான். "மெதுவா இழு கண்ணு. உள்ளுக்கு விழுங்கிறாத. நான் கேக்கறப்ப ஒரே ஒரு புகை விடு, போதும்."

"ஏனுங்க, இத்தனை பக்குவம் சொல்றீங்களே, இதென்ன பிரசவமா?" என்று சொல்லிவிட்டு அத்தாயி புதருக்குள் புகுந்தாள்.

மணம் கிளம்பியது. ஊர் கூடியது. சென்றாயன் முன்னால் நின்று, மூக்கு விடைக்க அந்த வாசனையை வாங்கிக்கொண்டு, அழாத குறையாகக் கேட்டான். "சாமி, போன தரம் தப்பா நினைச்சுட்டாங்க. பலா என்னோடதுதானே?"

புகை வந்தது. அழகான, வெள்ளைப் புகை. காளியண்ணன் முகம் செத்துப்போயிற்று. சென்றாயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பப் பார்த்தான். ஆனால் ஊர் கிளம்பவில்லையே!

"சாமி, மரம் அவனுதுன்னா பழம் ஊருக்குப் பொதுவா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

புகை வந்தது.

"வர்ற நோம்பிக்குக் கிடா வெட்டறது சென்றாயன் பொறுப்பா?" என்றார் பூசாரி.

குபுகுபுவென்று வந்தது. சென்றாயன் புதர்ப்பக்கம் ஓர் எட்டு எடுத்து வைத்தான். "போதும் சாமி, போதும்! மலையேறுங்க!" என்று கத்தினான். சாமிக்கு அருள் முற்றிவிட்டது என்று எண்ணி ஊர் இன்னும் உரக்கக் குலவை போட்டது. அப்போதுதான் காளியண்ணன் வயிற்றெரிச்சலோடு எழுந்தான்.

"சாமி, சுருட்டு உங்க பொருள். இந்தச் சென்றாயன் எந்நேரமும் அதைக் கடிச்சுக்கிட்டுத் திரியறான். இனி ஆயுசுக்கும் அவன் சுருட்டைத் தொடக்கூடாது. சம்மதமா?"

ஒரு கணம் ஒன்றும் வரவில்லை. சென்றாயன் அந்தப் புதரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கருப்பனாரே நிஜமாக அங்கே இருந்திருந்தால் மனம் இளகியிருப்பார். அவ்வளவுதான். அதுவரை வராத அளவுக்கு, கல்லையே மூடிக்கொண்டு ஒரு பெரும்புகை எழுந்தது.

கூட்டம் கலைந்ததும் புதருக்குள் பாய்ந்தான். அத்தாயி மரத்தில் சாய்ந்து, கண்ணை அரைவாசி மூடி, விரல் சுடுகிற அளவுக்குக் குட்டையான கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு களையை அவன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"அடிப்பாவி! பழம் போச்சு, கிடா போச்சு, இனி சுருட்டும் போச்சு! அடக்க முடியலையா உன்னால?"

"முன்னாடி வந்ததெல்லாம் அடக்க முடியாம வந்துச்சுங்க," என்றாள் அத்தாயி, கடைசிப் புகையை வாயில் வைத்து ருசித்துக்கொண்டே. "கடைசியா விட்டேன் பாருங்க, அது மட்டும் நானா விட்டது."