நாளைக்குப் போட்ட கையெழுத்து

என் அக்கா கணவரை வேலையிடத்தில் ‘கடிகாரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு அறையில் இருபது வருடம் இருந்தவர். ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. எனக்கும் அங்கே வேலை வாங்கிக் கொடுத்தார்.

ஷிஃப்ட் மாறும்போது ஒவ்வொரு குழாயின் அழுத்தத்தையும் திரையில் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். போகிறவர், வருகிறவர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அது சட்டம். எனக்கோ வீட்டுக்கு ஓடுகிற அவசரம். “அழுத்தம் என்னைக்கு மாறியிருக்கு அத்தான்? முன்னாடியே எழுதி வெச்சுடலாம்” என்று நச்சரித்தே அவரையும் கெடுத்தேன்.

சோதனைக்கு வந்த பெண் அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது.

“நாளைக்குக் காலையில அழுத்தம் எவ்வளவு இருக்கும்னு இன்னைக்கே எப்படிங்க தெரிஞ்சுது?”

“கடிகாரம் ஒரு நாள் முன்னாடி ஓடுது மேடம்” என்று பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். அத்தான் தலை நிமிரவில்லை.

“இந்த ரெண்டாவது கையெழுத்து யாரோடது?”

அது என்னுடையது.

“ரெண்டுமே நான் போட்டதுதாங்க” என்றார் அத்தான், என் பக்கம் திரும்பாமலே. ஊர்க்கதையெல்லாம் பேசுகிற நான், வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல நின்றேன்.

நிறுவனத்துக்கு அபராதம். அந்த வாரமே அத்தானுக்கு வேலை போயிற்று.

பார்க்கப் போனேன். அக்கா தட்டு வைத்துச் சோறு போட்டாள்.

“அவர் பண்ணின தப்புக்கு நீ ஏன்டா தலையைக் குனியற? சாப்பிடு.”

அத்தான் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நானும் சாப்பிட்டேன்.