சீமாட்டிக்கு முகம் வேண்டாமாம்

படப்பிடிப்பு நாளன்று பார்த்து, சீமாட்டியாக நடிக்க வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பேர்லினில் ஒரு ஸ்டூடியோவின் உடுப்புப் பகுதியில் நான் தையல் வேலை செய்துகொண்டிருந்தேன். பழைய ஊமைப்படம் மாதிரியே, பேச்சொலி இல்லாமல், ஒரு புதுப்படம் எடுத்தார்கள். பிரெஞ்சுப் பிரபுக்களின் காதலும் குழிபறிப்பும்தான் கதை. அந்தச் சீமாட்டி ஒரேயொரு காட்சியில் வருகிறவள். அவளுடைய கவுனை என் உடம்பில் போட்டுப் பார்த்துத்தான் தைத்திருந்தேன். நடிகைக்கும் எனக்கும் ஒரே அளவு. வேறு ஆள் கிடைக்காததால் என்னையே போட்டுக்கொண்டு நிற்கச் சொன்னார்கள்.

டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சொன்னதை நம் இலங்கைத் தமிழ்ப் பேச்சிலேயே எழுதுகிறேன்.

“முதுகு மட்டும்தான் படத்திலை விழும், றஞ்சினி. கையுறை போடுங்கோ, முகமூடியைக் கழட்டாதேங்கோ. அந்தக் காலத்திலை உங்கடை நிறத்திலை சீமாட்டி இருக்கேல்லை,” என்றார் இயக்குநர்.

“நான் தைக்கும்வரைக்கும் இந்தச் சீமாட்டியும் இருக்கேல்லை,” என்றேன்.

விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் யோகன் அண்ணை நம்மவர். “வேலை போயிடும் பிள்ளை, பேசாமல் நில்,” என்று தமிழில் முணுமுணுத்தார்.

காட்சி இதுதான்: முகமூடி நடனத்தில் ஒரு பிரபு நிற்கிறான். பொய்க்குற்றம் சாட்டிச் சீமாட்டியின் தம்பியைச் சிறையில் தள்ளியவன் அவன். அவனை அவள் கேள்வி கேட்க வேண்டும். பிரபுவாக நடித்தவரோ என் முகமூடியைப் பார்த்தபடி மரக்கட்டையாக நின்றார். இயக்குநர் அவரைத் திட்டித் திட்டித் திரும்ப எடுத்தார்.

ஊரில் போர் நடந்தபோது என் தம்பியையும் இராணுவத்தினர் விசாரணை என்றுதான் கூட்டிப்போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. கூட்டிப்போனவர்களில் ஒருவனையாவது நேருக்கு நேர் நிறுத்திக் கேட்க எனக்கு வாய்த்ததில்லை. பட்டுச் சட்டையோடு எதிரே நின்றவரைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய கையைப் பிடித்து இழுத்து, இருவர் முகமும் காமராவில் விழும்படி நின்றேன். முகமூடியைக் கழற்றினேன்.

“என்ர தம்பி எங்கை?”

ஒரு சொல் தமிழ் தெரியாத மனிதர், நிசமாகவே பின்வாங்கினார்.

இயக்குநர் அதைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். “அவர் பயந்தது நல்லாயிருக்கு. உங்கடை முகத்தை மட்டும் வெட்டுவம்.”

“அப்ப கவுனைப் பொம்மைக்குப் போட்டு எடுங்கோ. நான் போறன்,” என்று கொக்கிகளைக் கழற்றத் தொடங்கினேன். யோகன் அண்ணை தன் பங்குக்கு விளக்கை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். என் முகம் இல்லாவிட்டால் அந்தப் பயத்துக்கு அர்த்தமில்லை என்று இயக்குநருக்கும் தெரிந்திருந்தது. கடைசியில் இறங்கி வந்தார்.

பிறகு, திரையில் போடும் எழுத்து அட்டைக்காக நான் என்ன கேட்டேன் என்று விசாரித்தார். சொன்னேன். அப்படியே டொச்சில் போட்டார்கள்.

படத்தில் சீமாட்டியின் தம்பி சிறையிலிருந்து வந்துவிடுகிறான். என் தம்பி வரவில்லை. வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: முதுகு மட்டும் போதும் என்கிறவர்களுக்கு முதுகைக் கொடுக்காதீர்கள். அந்தப் படம் ஓடும் ஊரிலெல்லாம் நான் முகத்தைக் காட்டித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், என் தம்பி எங்கே என்று.