தறிக்குழிக்கு வந்த தெருமண்

சங்கரன்கோவிலில் எங்கள் தெரு கிழக்கே சரிந்து இறங்கும். கடைசி வீடு எங்களுடையது. தறிக்கான பாவுநூலுக்குப் போட்ட கஞ்சித் தண்ணீர், பாத்திரம் விளக்கிய சாம்பல், தெருமணல் எல்லாம் சாக்கடையில் கலந்து எங்கள் வாசலில் வந்து அடைத்துக்கொள்ளும். தெருக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவரவர் வாசலுக்கு நேரே மண்ணை வாரி, சாக்கடை ஓரத்திலேயே குவித்துவிட்டுக் கைகால் கழுவிக்கொள்வார்கள். அடுத்த மழை அதை உள்ளே தள்ளி எங்களிடம் கொண்டுவந்து சேர்த்துவிடும். யாரையும் குறை சொல்ல முடியாது. அவரவர் வாசல் சுத்தமாகத்தான் இருந்தது.

அப்பா நெய்தது குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு மிதித்தால்தான் தறி ஓடும். சாக்கடை அடைத்தால் தண்ணீர் சுவரடியில் கசிந்து அந்தக் குழியில் நிற்கும். வற்றும்வரை நெசவு இல்லை. நெசவில்லாத நாட்களில் கூழ், அதுவும் ஒருவேளை. அந்த ஐப்பசியில் இரண்டாம் முறை குழி நிறைந்தபோது அப்பா சொன்னார்: "இன்னொரு மழைக்கு நனைஞ்சுதுன்னா தறியப் பிரிச்சுப் போட்டுட்டு மதுரை மில்லுக்கு ரயிலேற வேண்டியதுதான்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரயிலைப் பார்த்திருக்கிறேனே தவிர ஏறியதில்லை. பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அப்பா அதைச் சொன்னபோது அம்மா ரேஷன் அரிசியில் கல் அரித்துக்கொண்டிருந்தாள். மெதுவாக ஆட்டிச் சாய்த்தால் அரிசி தண்ணீரோடு அடுத்த சட்டிக்குப் போகும், கல் அடியில் தங்கும். அவசரப்பட்டால் கல்லும் கூடவே போய்விடும். மறுநாள் மம்பட்டியோடு போய், எங்கள் வீட்டுக்குச் சற்று மேலே காலிமனை ஓரத்தில் சாக்கடையை அகலமாகவும் ஆழமாகவும் வெட்டினாள். ஓடிவரும் தண்ணீர் அங்கே வேகம் தணிந்து மண்ணைப் போட்டுவிட்டுப் போகட்டும் என்பது அவள் கணக்கு.

"என்ன மைனி, சாக்கடையிலயும் கல்லு அரிக்கியளா?" என்றார் எதிர்வீட்டுச் சித்தப்பா.

"ஆமா கொழுந்தனாரே. இந்த மணல்ல கடலை வறுத்து ஒமக்குத்தான் முதல்ல தாரேன், இரும்."

அடுத்து வந்த மழையில் பள்ளம் மண்ணால் நிறைந்தது. சிரித்த சித்தப்பாவே இரக்கப்பட்டு வந்து வாரினார். வாரியதைப் பழக்கதோஷத்தில் ஓரத்திலேயே குவித்தார். அன்று சாயங்காலத் தூறலில் பாதி மண் திரும்ப உள்ளே போய்விட்டது.

"அரிச்ச கல்ல எவனாவது மறுபடி அரிசியில போடுவானா?" என்று அம்மா கத்திய கத்தலில் தெருவே எட்டிப்பார்த்தது.

குருவிகுளத்திலிருந்து தன் காட்டுப் பருத்தியை ஏற்றிவந்த சம்சாரி ஒருவர் வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தார். அம்மா வண்டியை மறித்தாள்.

"நாத்தம் கொடலப் புடுங்குதே தாயி!"

"நாறுனாத்தான் அண்ணாச்சி பயிரு வெளையும்."

மேலே படிந்திருந்த கறுப்புச் சேறு வண்டியில் போனது. அடியில் கிடந்த மணலை நானும் கூடை கூடையாகச் சுமந்து எங்கள் வாசலில் தாழ்ந்து கிடந்த இடத்தில் கொட்டி மேடாக்கினேன். உடம்பெல்லாம் சொறி பிடித்தது.

பிறகு ஒரு மத்தியானம் பெருமழை பிடித்தது. அம்மா தலையில் கோணியைக் கவிழ்த்துக்கொண்டு பள்ளத்தருகே நின்று வாரிக்கொண்டே இருந்தாள். வாரியதைச் சித்தப்பா ஓட்டமும் நடையுமாகக் காலிமனையின் மறுகோடிக்குச் சுமந்தார். அப்பா தறிக்குழியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். நான் மூலையில் நின்று, இன்னும் கொஞ்சம் பெய்யட்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன்.

மழை விட்டதும் அப்பா குழிக்குள் கையை விட்டுத் துழாவினார். விரலில் ஒட்டியது காய்ந்த புழுதி. காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கினார்.

அம்மா சொட்டச்சொட்ட உள்ளே வந்தாள். தறிச்சத்தத்தைக் கொஞ்சநேரம் நின்று கேட்டாள். பிறகு பரணிலிருந்து ஒரு துணிமூட்டையை இறக்கி அவிழ்த்தாள். ரயிலுக்காகக் கட்டிவைத்திருந்த மூட்டை. அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டதைப் பார்த்தேன். அப்பாவின் வேட்டிகள், சட்டை, துண்டு. அவ்வளவுதான்.

என் கால்சட்டையையும் அம்மாவின் சேலையையும் எடுத்துவைக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றுதான் அன்று நினைத்தேன்.